சர்க்கரை டப்பாவின் எடை

என் அக்கா பரிமளாவின் கணவர் பலராமனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அதனால் அவரிடம் இருக்கும் நல்லதை முதலிலேயே எழுதி முடித்துவிடுகிறேன். பிறகு எழுத மனசு வராமல் போகலாம்.

ஆரணியில் ஒரே பட்டு முதலாளியிடம் முப்பத்தைந்து வருஷமாக வேலை செய்கிறார். வேலை என்றால் எடை போடுவது. முள்ளிப்பட்டிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் நெசவு செய்கிறவர்கள் வருவார்கள். பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுத்து அனுப்புவார். பத்துப் பதினைந்து நாளில் அது சேலையாகத் திரும்பி வரும். அதையும் எடை போட்டு வாங்குவார். கொடுத்தது எவ்வளவோ, சேலையும் மிச்ச நூலும் கழிவும் சேர்ந்து அவ்வளவு இருக்க வேண்டும். குறைந்தால் பட்டு வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது என்று பொருள். கூடினால் அதைவிட மோசம். பட்டை எடுத்துக்கொண்டு, அந்த எடையைச் சரிக்கட்டத் தண்ணீர் தெளித்திருக்கிறான் என்று பேச்சு வரும். தெருவில் அந்தப் பேர் ஒருமுறை வந்துவிட்டால் வேறு எந்த முதலாளியும் பட்டு கொடுக்க மாட்டார்.

மாமாவுக்குத் தராசு ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். சேலையைக் கையில் வாங்கும்போதே "எழுநூத்தி இருவது" என்பார். தராசில் வைத்தால் எழுநூற்றுப் பதினெட்டு காட்டும். இன்னொரு பழக்கமும் உண்டு. தராசில் பட்டு இருக்கும்போது போன் அடித்தால் எடுக்க மாட்டார். உலகமே இடிந்து விழுந்தாலும் எடுக்க மாட்டார். பேச்சில் கவனம் போய் ஒரு கிராம் மாறினால் அது ஒருத்தன் சோற்றில் கை வைத்த மாதிரி என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி அடைமழையில் ஒருநாள் நான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். நான் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறவன். டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கத் தெரியும், மாத்திரையின் பேரும் விலையும் தெரியும், அதற்குமேல் என்னிடம் சரக்கு கிடையாது. முதலாளிக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கப் போன இடத்தில் முள்ளிப்பட்டு ஜெயவேல் கைகட்டி நின்றிருந்தார். அவர் கொண்டுவந்த சேலை பதினாறு கிராம் கூடுதலாக இருந்தது.

முதலாளி மகன் சதீஷ் சின்னவயசு, வாய் நீளம். "இன்னா ஜெயவேலு, தண்ணி தெளிச்சுக்கினு வந்துட்டியா?" என்றான்.

ஜெயவேல் மாமாவைப் பார்த்தார். மாமாதான் எழுந்தார்.

"தம்பி, அந்த வார்த்தைய வுடு. பட்டு மழக்காத்துல தன்னால எடை ஏறும். யாரும் ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா தொங்கிகினு இருந்தாலே ஏறும். சேலைய உள்ள போடு. ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும், அப்புறம் எடை போடு. அதுக்கு முன்னால ஒரு மனுசன் மூஞ்சியப் பாத்து அத்தச் சொல்லாத."

நாலாம் நாள் வெயில் வந்தது. எடை சரியாக இருந்தது. மாமா சதீஷிடம் "பாத்தியா" என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு நல்ல மனுஷன். நல்லது முடிந்தது.

போன பொங்கல் கழிந்து அக்காவுக்கு ரத்தம் சோதித்தார்கள். லேபில் மூன்று மாத சுகர் என்று சொல்வார்களே, அது ஒன்பது புள்ளி நாலு. காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பது அந்த நேரத்துச் சர்க்கரையைச் சொல்லும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது அந்தச் சாப்பாடு என்ன செய்தது என்று சொல்லும். மூன்று மாத சுகர் ஒருநாள் பட்டினிக்கும் ஏமாறாது, ஒருநாள் கல்யாணச் சாப்பாட்டுக்கும் பயப்படாது. மொத்தமாக எப்படி இருந்தாய் என்று சொல்லிவிடும். ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் பரவாயில்லை என்பார்கள். ஒன்பதைத் தாண்டினால் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசுவார்.

மாமாவுக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது. அவருடைய அண்ணன் சின்னக்கண்ணு பெரணமல்லூரில் இருக்கிறார். சர்க்கரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அக்காவின் கால்விரலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தாலும் மாமா டார்ச் அடித்துப் பார்ப்பார்.

"பார்த்திபா, உங்க அக்கா காலு போவக்கூடாது. அதுக்கு இன்னா செய்யணுமோ சொல்லு" என்று என்னிடம் வந்தார்.

சொன்னேன். அந்தப் பாவம் என்னுடையது. எனக்கும் சர்க்கரை உண்டு. மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் நான் இருந்தேன். இட்லி, தோசை, சோறு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முட்டை, பனீர், கீரை, தேங்காய் என்று சாப்பிடுவது. காலிபிளவரைத் துருவி வேகவைத்து அதைச் சோறு என்று நம்பச் சொல்வார்கள். மாமாவை அதில் சேர்த்துவிட்டேன். கடையிலிருந்து சுகர் பார்க்கும் மெஷினும் ஒரு டப்பா ஊசியும் கொடுத்தேன். டாக்டரிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. காலையில் அக்கா போடும் மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும் வகை. சாப்பாட்டைக் குறைத்தால் அதையும் டாக்டரைக் கேட்டுக் குறைத்திருக்க வேண்டும். மாதா மாதம் அந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்த கை என் கை.

முதல் இரண்டு மாதம் வீடு சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமா அக்காவின் விரலைப் பிடித்து, நடுவில் குத்தாமல் ஓரத்தில் வலிக்காமல் குத்துவார். குத்தினபிறகு ஊதிவிடுவார். கல்யாணமான புதிதில்கூட இப்படி உட்கார்ந்ததில்லை என்று அக்கா சிரித்தாள். சாப்பிட்ட பின் இருநூற்றைம்பது காட்டிய சர்க்கரை நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து என்று வந்துவிட்டது.

காலைச் சர்க்கரைதான் இறங்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடித்து இரண்டு மணி நேரம் கழித்து நூற்றிருபத்தாறு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் நூற்று அறுபத்தெட்டு.

மாமா அந்த இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்தைந்து வருஷமாக ஒரே வேலை செய்த மூளை அது. கொடுத்தது நூற்றிருபத்தாறு. வந்தது நூற்று அறுபத்தெட்டு. நடுவில் நாற்பத்திரண்டு எங்கிருந்து வந்தது?

குழுவில் கேட்டிருக்கிறார். அங்கே இருந்த ஒரு மேதாவி, "மாவு உள்ளே போகாமல் சர்க்கரை ஏறவே ஏறாது சார். வீட்டில் கொஞ்சம் கவனியுங்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தான். நானும் அதைப் படித்தேன். படித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

"எதாவது சாப்ட்டியா?" என்று முதலில் சாதாரணமாகத்தான் கேட்டாராம்.

"இல்லீங்களே."

"ராத்திரி எழுந்து தண்ணி குடிக்கப் போனியே?"

"தண்ணி குடிக்கத்தாங்க போனேன்."

அடுத்த வாரம் அது "நெசமா சொல்லு" ஆயிற்று. அதற்கடுத்த வாரம், கடையில் கழித்துப் போட்ட பழைய எலக்ட்ரானிக் தராசு ஒன்று வீட்டுக்கு வந்தது. மாமாவுக்கு அரிசி வேண்டும், காபிக்குச் சர்க்கரை வேண்டும், அதனால் இரண்டும் சமையல் அறையில் இருந்தன. காலையில் காபி குடித்ததும் அரிசி டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் எடை போட்டு, மூடியின் உள்பக்கம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்ததும், மறுநாள் காலை எழுந்ததும் மறுபடி எடை போடுவார். சமைத்தது போக ஒரு கிராமும் குறைந்ததில்லை. குறையாததைப் பார்த்தாவது புத்தி வந்திருக்க வேண்டும். பட்டு விஷயத்தில் கெட்டிக்காரத் திருடர்களைப் பார்த்த மனுஷன் ஆயிற்றே. வெளியே சாப்பிடுகிறாள் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

ஆடி மாதம் அந்தச் சந்தேகத்துக்கு நெய் ஊற்றியது. தெரு முனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அக்கா வருஷா வருஷம் அங்கே நின்று மொண்டு ஊற்றுவாள். பக்கத்து வீட்டுத் துர்கா எதார்த்தமாக, "அக்காவ கோயில்ல பாத்தேன் மாமா, கூழ்ப்பானைகிட்டயே நின்னுகினு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் நான் அங்கே போனபோது மாமா முகம் இறுகிக் கிடந்தது.

"எத்தினி சொம்பு குடிச்ச?" என்றார், என் எதிரிலேயே.

"ஊத்தனேங்க. நான் குடிக்கல."

"அப்ப காலைல நூத்தி எழுவத்தி ஒண்ணு எங்கேந்து வந்துச்சு? வானத்துலேந்து வுழுந்துச்சா? உனுக்கு வாய்தான் பெருசு, காலு பெருசில்ல. எங்க அண்ணனப் போய்ப் பாத்துட்டு வா."

அக்கா என்னைப் பார்த்தாள். தம்பி ஏதாவது சொல்வான் என்று பார்த்திருப்பாள். எனக்கும் அந்த எண்ணுக்கு விளக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்றாவது சொல்லியிருக்கலாம். "வுடுங்க மாமா, கொஞ்சம் கவனமா இருப்பாங்க" என்றேன். கவனமாக இருப்பாள் என்றால் இதுவரை இல்லை என்றுதானே அர்த்தம். அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். காலை எண் இறங்கினால் தன் பேர் திரும்பி வரும் என்று நினைத்தாள். இறங்கவில்லை. பட்டினி கிடந்த மறுநாளும் நூற்று அறுபத்தைந்து காட்டியது. மாமா மெஷினை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா பிறகு சொன்னாள்.

ஆடி நாலாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீடுகளில் முட்டை கிடையாது. மற்ற நாளில் இரண்டு முட்டையாவது சாப்பிடுகிறவள், அன்று ஒரு டம்ளர் மோரோடு நிறுத்திக்கொண்டாள். முந்தின நாள் ராத்திரியும் வெறும் வயிறு. மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டாள். மாமா காபி குடித்து, டப்பாக்களை எடை போட்டு எழுதிவிட்டுக் கடைக்குப் போனார்.

பதினொன்றரை மணிக்குத் துர்கா எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, ஜல்தி வாங்க, அக்கா வுழுந்து கீறாங்க."

போனேன். சமையல் அறையில் அலமாரிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். புடவை வேர்வையில் நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பேச்சு குழறியது. வலது கால் கோணிக்கொண்டிருந்தது. சர்க்கரை டப்பா அவள் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. மூடி திறக்கவில்லை. மெஷினில் பார்த்தேன், முப்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எனக்கே தெரியும். மயக்கத்தில் இருப்பவர்கள் வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்பதும் தெரியும். நூற்றெட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் பேச்சு தெளிந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அதற்கு ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மாமா ஓடி வந்தார். சட்டையில் பட்டு நூல் ஒட்டியிருந்தது.

அங்கே இருந்த டாக்டரம்மா மருந்துச் சீட்டைப் பார்த்தார், மாமா எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்தார். "மாவு இவ்ளோ கொறைச்சிட்டு இந்த மாத்திரைய அப்படியே போட்டீங்களா? யார கேட்டீங்க?" என்றார். மாமா என்னைப் பார்த்தார்.

மாமா அப்போதும் அந்தக் கேள்வியை விடவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. ராத்திரி கம்மியா இருந்தது, ஒண்ணும் சாப்டாம காலைல எப்படி ஏறும்?"

"ஈரல் விடும்ங்க. நம்ம தூங்கிகினு இருக்கும்போது, விடியறதுக்கு முன்னால, ஒடம்ப எழுப்பறதுக்காக ஈரலே சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும். எல்லாருக்கும் விடும். சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு அத்த அடக்க முடியாது, அதனால ஏறிக்காட்டும். பட்டினி கெடந்தாலும் ஏறும். அவங்க சாப்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல." அவர் இன்னொரு தாளை எடுத்தார். "இன்னிக்கு மூணு மாச சுகர் பாத்தோம். ஆறு புள்ளி எட்டு. ஒம்போதுலேந்து வந்துருக்காங்க. ஏமாத்தறவங்களுக்கு இது வராது. ரொம்ப ஒழுங்கா இருந்துருக்காங்க உங்க வீட்ல."

மாமா அந்தத் தாளைக் கையில் வாங்கி அந்த எண்ணைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய பங்கையும் சேர்த்து அவர்மேல் கொட்டினேன்.

"ஜெயவேலுக்குச் சொன்னீங்களே மாமா, பட்டு தன்னால எடை ஏறும், வெயில் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசாதன்னு. ஊரான் ஒருத்தனுக்காக நாலு நாள் பொறுத்தீங்க. எங்க அக்காவுக்கு ஒரு நாள் பொறுத்தீங்களா?"

வராந்தாவில் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு பெரிய மனுஷன் அப்படி அழுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குப் பேசியிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் பேசினது பொய்யில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அக்காவைக் கேட்டேன். டப்பா கையில்தானே இருந்தது, இரண்டு ஸ்பூன் வாயில் போட்டிருந்தால் சரியாகியிருக்குமே, ஏன் போடவில்லை?

"கையெல்லாம் நடுங்குச்சுடா. ஒரே வேர்வ. இனிப்பு எதாவது வாயில போட்டா சரியாப் பூடும்னு ஒடம்புக்குத் தெரியுது. டப்பாவ எடுத்துட்டேன். நானூத்தி பன்னண்டுன்னு எழுதிட்டுப் போயிருந்தாரு, காலைல பாத்தேன். எடுத்தா கொறையும். கொறைஞ்சா, பாத்தியா நான் சொன்னேனேன்னு ஆயிடும். இத்தினி நாளு பட்டதெல்லாம் வீணாப் பூடும். ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு அவருக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணேன். எடுக்கல. எடை போட்டுகினு இருந்துருப்பாரு."

மாமா கட்டிலின் அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவருடைய போனில் அந்த இரண்டு தவறிய அழைப்புகளும் இருந்தன. பதினொன்று எட்டுக்கு ஒன்று, பதினொன்று பத்துக்கு ஒன்று. அந்த நேரத்தில் தராசில் இருந்தது ஜெயவேலின் சேலைதான் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

அன்று மத்தியானம் மாற்றுத் துணி எடுக்க நானும் மாமாவும் வீட்டுக்குப் போனோம். துர்கா டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்திருந்தாள். மாமா அதைத் தராசில் வைத்தார். வைத்திருக்க வேண்டாம், அது எவ்வளவு காட்டும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். நானூற்றுப் பன்னிரண்டு. சீட்டைக் கிழித்தார். தராசை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். டப்பாவின் மூடியையும் எங்கேயோ வீசிவிட்டார்.

இப்போது ஐந்து மாதம் ஆகிறது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். மத்தியானம் ஒரு கைப்பிடி சோறு சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா நாலு கால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சமையல் அறைவரை நடக்கிறாள். காலைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பிய கதை அந்தக் காலில் வந்து நின்றது. டாக்டரம்மா, நடுக்கம் வந்தால் யாரையும் கேட்காதீர்கள், முதலில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, பிறகுதான் பேச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்காகச் சர்க்கரை டப்பா, மூடி இல்லாமல், அக்காவின் கட்டில் பக்கத்திலேயே ஸ்டூல்மேல் இருக்கிறது. எறும்பு வரக்கூடாதென்று கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார் மாமா.

மாமா இப்போது தராசில் பட்டு இருந்தாலும் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிறார். சதீஷ் ஒருநாள் கேலி செய்தான், இவர் காதில் வாங்கவில்லை. போன மாதம் அப்படி ஒரு போன் வந்தது. நான் அப்போது கடையில் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஸ்பீக்கர் இல்லாமலே அக்காவின் குரல் கேட்டது.

"இன்னாங்க, லேசா நடுங்குற மாதிரி கீது. ரெண்டு ஸ்பூன் எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்க பரிமளா! கேக்காத, எடுத்துக்க, எடுத்துக்க!" என்று மாமா கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். ஜரிகையை அப்படியே போட்டுவிட்டு என் வண்டியில் ஏறினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்கா நன்றாக உட்கார்ந்திருந்தாள். மாமாவைப் பார்த்ததும் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரலிடுக்கில் நாலைந்து சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தது.

"ரெண்டே ஸ்பூன்தாங்க. வேணும்னா பாத்துக்கங்க" என்றாள்.

அவள் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்திருந்தால் மாமா தப்பித்திருப்பார்.

அவருக்குத் தராசு தேவையில்லை என்று முதலிலேயே சொன்னேன். தினமும் காலையில் காபி குடித்ததும் அந்த டப்பாவை ஸ்டூலிலிருந்து கையில் தூக்குகிறார். கேட்காமல் ஒரு ஸ்பூனாவது எடுத்திருக்க மாட்டாளா என்று பார்க்கிறார். இன்று காலை நானும் அங்கே இருந்தேன். தூக்கினார், ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"கொறைஞ்சிருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"இல்ல பார்த்திபா. அப்படியேதான் கீது" என்றார்.